மெழுகுதிரி வரிசைக்கு நான் வால்

உங்கள் பண்டிகையாம். ஹாலோவீன் எங்கள் பண்டிகையாம். வசுதா வாசலில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஜெசி ஆன்ட்டி, தீபாவளிய நாங்க பாத்துக்கிட்டோம், ஓணத்த சி பிளாக் பாத்துக்கிட்டாங்க, ஹாலோவீன் உங்களோடதுதானே, நீங்கதான் முன்னாடி நின்னு நடத்தித் தரணும்" என்று சொன்னபோதே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. தூத்துக்குடியில் கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல், கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் பீடத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறேன். பூசணிக்காயில் கண்ணும் மூக்கும் வெட்டி உள்ளே விளக்கு வை என்று எந்தச் சாமியாரும் எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் பூசணிக்காய் சாம்பாருக்கு. அதை அவளிடம் சொன்னேன். "ஐயோ ஆன்ட்டி, யூ ஆர் சோ ஃபன்னி" என்று என் தோளைத் தட்டினாள். நான் என்ன ஜோக்கா அடித்தேன்? இன்று காலையில் கேட்டில் வைத்த பூசணிக்காயைச் செக்யூரிட்டி திருஷ்டிப் பூசணி என்று நினைத்துக்கொண்டு நடுரோட்டில் போட்டு உடைக்கத் தூக்கிப் போனார், நாலு பேர் ஓடிப்போய் பிடுங்கினார்கள். இந்தக் குடியிருப்பிலேயே விவரமாக யோசித்தவர் அவர் ஒருத்தர்தான். முன்னாடி நிற்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள், இப்போது பார், வரிசையின் கடைசியில் நிற்கிறேன். ஒரு கையில் காகிதக் கப்பில் செருகிய மெழுகுதிரி, இன்னொரு கையில் பாதி தண்ணீர் ஊற்றிய சிவப்பு வாளி. யார் பாவாடையிலாவது நெருப்புப் பிடித்தால் நான் ஊற்ற வேண்டுமாம், யாரும் பின்தங்காமல் ஓட்டிக்கொண்டு வர வேண்டுமாம். "டெயில் வாலன்டியர் ரொம்ப முக்கியம் ஆன்ட்டி, ரெஸ்பான்சிபிளான ஆள்தான் வேணும்" என்று தேன் தடவிவிட்டுப் போனாள். வால். அறுபதை நெருங்குகிறவளுக்கு வாலாக ஒரு வேலை.

சரி, எதற்கு ஒத்துக்கொண்டேன்? எனக்குத் தெரியும் எதற்கென்று. காபி குடித்துக்கொண்டே போனில் அவள் காட்டிய படத்துக்காகத்தான். நடைபாதையை வரைந்து நாலு இடத்தில் நிறுத்தம் போட்டிருந்தாள். வேப்பமரத்தடியில் மோகினி, கார் நிறுத்தத்தில் ரத்தக் காட்டேரி, நீச்சல்குளத்தில் முழுகிப்போன பெண், கடைசியில் பம்ப் ஹவுஸ். பம்ப் ஹவுஸுக்கு நேரே 'வெள்ளைச் சட்டை' என்று எழுதியிருந்தது. "இது நம்ம கம்யூனிட்டியோட சொந்தப் பேய் ஆன்ட்டி, மத்ததெல்லாம் சும்மா, இதுதான் ஹைலைட்" என்றாள். சொந்தப் பேய். அந்த வார்த்தையில்தான் நான் வாலன்டியர் ஆனேன். உள்ளே இருந்தால்தான் அதை எடுக்கவைக்க முடியும். அங்கே பாம்பு வருகிறது, பிள்ளைகளை இருட்டில் அந்தப் பக்கம் கூட்டிப்போகாதே என்று சொன்னேன். "டன் ஆன்ட்டி, எடுத்துர்றேன்" என்றாள். டன் என்றால் என்ன அர்த்தம் இவர்களுக்கு? என் மகனும் அமெரிக்காவிலிருந்து எல்லாவற்றுக்கும் டன் என்பான், பிறகு ஒன்றும் நடக்காது. அவளிடம் நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். வெள்ளைச் சட்டை என்கிறாயே, அது என் கூடப்பிறந்த அண்ணன், இன்னாசி என்று பெயர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன செய்வாள்? உதட்டைப் பிதுக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ஓ மை காட், சோ சாரி ஆன்ட்டி" என்பாள். அந்த சாரியை வாங்கி நான் எங்கே வைப்பேன். அதைவிட அவள் பாம்புக்குப் பயந்து எடுத்தால் போதும். ஆனால் இன்றைக்கு அந்த வரிசை கிளப் ஹவுஸைத் தாண்டி வலப்பக்கம் புல்வெளிக்குத் திரும்பாமல் இடப்பக்கம் பம்ப் ஹவுஸுக்குத் திரும்பினால், அப்போது பார்த்துக்கொள்கிறேன். எல்லோர் முன்னாலும் நிறுத்துவேன். யார் அவர் என்று சொல்லுவேன். அவரைப் பேயாக்கி அவர்கள் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நான் பேசுவேன்.

நடை கிளம்பிவிட்டது. இது முதல் பேட்ச். நாங்கள் பாதி வழி போனதும் இரண்டாவது பேட்ச் கிளம்புமாம், பாதை சின்னது என்பதால். மெழுகு கப்பைத் தாண்டிக் கட்டைவிரலில் சொட்டுகிறது. சுடட்டும். இந்த வாசனை, இந்த உருகின மெழுகு வாசனை, இதுதான் என்னைக் கெடுக்கிறது. இன்று அக்டோபர் கடைசி நாள், ஜெபமாலை மாதம் முடிகிறது, இந்நேரம் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து மாதா சப்பரம் தெருவில் இறங்கியிருக்கும், எல்லோர் கையிலும் இதே மெழுகுதிரி இருக்கும், பூசைக்கு வராத ஆட்கள்கூட பால்கனியில் வந்து நிற்பார்கள். நான் அங்கே இல்லை. இங்கே சூனியக்காரிகளுக்குப் பின்னால் வாளி தூக்கிக்கொண்டு போகிறேன். எனக்கு முன்னால் போகிற மிருதுளா தலையில் கூர்மையான கறுப்புத் தொப்பி, தொப்பிக்குக் கீழே இரண்டு முழம் மல்லிகைப் பூ. சூனியக்காரிக்கு மல்லிகைப் பூவா என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் போகிறவள் புதிதாகக் குடிவந்தவள், சங்கவி என்று பெயர், தோளில் தூங்குகிற பிள்ளையைச் சுமந்துகொண்டு மெழுகுதிரியை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறாள். வேப்பமரத்தடியில் டி பிளாக் பெண் ஒருத்தி தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு மோகினிக் கதை சொன்னாள். பகலில் ஏதோ ஆபீசில் ஆட்களை வேலைக்கு எடுக்கிறவளாம். கதை முடிந்ததும் அவள் தன் திரியை ஊதி அணைத்தாள், உடனே எல்லோரும் ஊதினார்கள், இருட்டு, கூச்சல், பிள்ளைகள் அம்மாக்களின் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு முன்னால் ஒருவர் லைட்டரால் ஏற்ற, அங்கிருந்து ஒருவர் திரியிலிருந்து ஒருவர் திரிக்கு வெளிச்சம் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. சங்கவி திரும்பித் தன் திரியை என் திரியோடு சேர்த்துப் பிடித்தாள். ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி கோயிலில் இப்படித்தான் செய்வோம். பிடித்திருந்தது எனக்கு. பிடித்திருந்ததே என்று எரிச்சல் வந்தது. இவர்கள் எதையாவது அழகாகச் செய்து தொலைத்தால் என் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது.

"அந்த வெள்ளச் சட்ட நெஜமாவே இருக்காரா அக்கா?" என்று சங்கவி கேட்கிறாள். எனக்குக் காது அந்தப் பக்கமே போகிறது. "இருந்தாரு" என்கிறாள் மிருதுளா. "யாரு வீட்டு ஆளுன்னே தெரியாது. நைட்டு சாப்பிட்டு நாம கீழ வந்தோம்னா ரவுண்டு அடிச்சிட்டே இருப்பாரு. எப்பவும் வெள்ளச் சட்ட. வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்துட்டே போவாரு. எங்க ஆத்யா ஒருநாள் கிட்டப் போய்க் கேட்டுட்டு அழுதுகிட்டே ஓடி வந்தா. மரண வேளை, மரண வேளைன்னு சொல்றாராம்." "ஐயையோ." "அப்புறம் ஒருநாள்லேந்து ஆளக் காணோம். பம்ப் ஹவுஸ் தொட்டில விழுந்துட்டாருன்னு சொல்றாங்க. அந்தப் பக்கம் போனா இப்பவும் முணுமுணுப்பு கேக்குமாம்." தொட்டியில் விழுந்தாரா? அடிப்பாவி. நாக்கு அழுகாதா உனக்கு. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் கையைப் பிடித்துக்கொண்டு, தவக்காலத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை போனார். உன் தொப்பியைப் பிடுங்கி இந்த வாளியில் முக்கவா? மரண வேளையாம். அவர் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்தார். அருள்நிறை மந்திரத்தின் கடைசியில் இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும் என்று வரும், மாதாவிடம் வேண்டிக்கொள்கிற வார்த்தை, அதை ஐம்பத்துமூன்று மணிக்கும் ஐம்பத்துமூன்று தடவை சொல்ல வேண்டும், உன் பெண் வந்து நின்ற நேரத்தில் அந்த இடம் வந்திருக்கும். நாலு வார்த்தை முன்னால் வந்திருந்தால் தாய் என்று கேட்டிருப்பாள், அழுதிருக்கமாட்டாள். எங்கள் பண்டிகை எது என்று என்னிடம் வந்து பாடம் நடத்தத் தெரிகிறது, ஒரு மனுஷன் செபம் சொல்கிறான் என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. மாலை அவர் கையில்தான் இருந்தது. யாராவது கையைப் பார்த்தீர்களா?

டாக்டர் சொல்லித்தான் நடந்தார். மதினி இறந்த பிறகு ஊரில் தனியாக இருந்தார், பிள்ளை குட்டி கிடையாது, சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தார் என்று பக்கத்து வீட்டில் போன் பண்ணினார்கள், நானும் என் வீட்டுக்காரர் சேவியரும் போய்க் கூட்டிவந்தோம். சாப்பிட்டதும் நடக்க வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். "ஏட்டி, நடையும் ஆச்சு, செபமும் ஆச்சு, மாதாவும் சந்தோசம் டாக்டரும் சந்தோசம்" என்று சொல்லிக்கொண்டு இறங்குவார். வெள்ளைச் சட்டை ஏனென்றால் துறைமுகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் அழுக்குக் காக்கி போட்டவர், ரிட்டயர் ஆன அன்றைக்கு இனிமேல் வெள்ளைதான் என்று ஆறு சட்டை தைத்துக்கொண்டார். இதில் பேய் எங்கே வந்தது? அப்போதுதான் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் வந்தது. அடையாளம் தெரியாத முதியவர் ஒருவர் இரவில் குழந்தைகள் விளையாடும் பகுதியில் முணுமுணுத்துக்கொண்டு சுற்றுகிறார், சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். சம்மதம், சம்மதம், சம்மதம். ஒருவர்கூட யார் என்று கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு விதி. விருந்தினராக வந்து தங்கும் பெரியவர்கள் இருட்டிய பிறகு உள்பாதையில் நடப்பதைத் தவிர்க்கவும். விருந்தினர்! என் அண்ணன் என் வீட்டில் விருந்தினரா? செக்யூரிட்டி தயங்கித் தயங்கி அவரிடம் சொல்லியிருக்கிறார். மேலே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "பிள்ளையள் பயப்படுதாம்லா, பாவம்" என்றார். நான் குதித்தேன். இப்போதே போய் அந்தச் செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டுகிறேன் என்று துப்பட்டாவை எடுத்தேன். "என் பேரச் சொல்லி ஒரு இடத்துல சண்ட போட்டியானா நான் விடிய ஊருக்குப் போயிருவேன், பாத்துக்க" என்றார். அவர் சொன்னால் செய்வார். அதற்காக வாயை மூடினேன். சேவியர் வேறு, குடியிருக்கிற இடத்தில் பகை வேண்டாம் என்று பக்கத்தில் நின்று தலையாட்டினார், அவருக்கு எப்போதும் எங்கேயும் பகை வேண்டாம். அதன் பிறகு அண்ணன் வீட்டுக்குள்ளேயே நடந்தார். பால்கனியிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து பால்கனி. நாலு எட்டு வைப்பதற்குள் திரும்ப வேண்டும். தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார். ஒரு நாள் உட்கார்ந்தவர் மறுநாளும் உட்கார்ந்தார். சர்க்கரை ஏறியது, காலில் புண் வந்தது, ஆறவில்லை. வெளியே நடக்க விட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். சொல்ல முடியாது. அதுதான் எரிகிறது. சொல்ல முடிந்திருந்தால் நேராக ஒருத்தர் சட்டையைப் பிடித்திருப்பேன். இப்போது யார் சட்டையையும் பிடிக்க முடியாமல் எல்லோர் சட்டையையும் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். உயிரோடு இருந்தவரை நடக்காதே என்றவர்கள், அவர் நடந்த அதே பாதையில், அதே நேரத்தில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மெழுகுதிரி பிடித்து நடக்கிறார்கள். இப்போது மட்டும் பயம் வேண்டுமாம் அவர்களுக்கு. ஆசையாக இருக்கிறதாம்.

நீச்சல்குளத்தில் ஐஸ் புகை போட்டிருக்கிறார்கள். முழுகிப்போன பெண்ணாக யாரோ ஒருத்தர், மீசை தெரிகிறது, நைட்டியில் நின்று கையை ஆட்டுகிறார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. நான் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது? எக்ஸ்க்யூஸ் மீ என்றா? இவர்களுக்கு எக்ஸ்க்யூஸ் மீ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். வேண்டாம். நில்லுங்கள் என்று சொல்ல வேண்டும். நில்லுங்கள், நீங்கள் பேய் என்று சொல்கிற மனுஷன் பெயர் இன்னாசி. இல்லை, மனுஷன் என்றால் மரியாதை இல்லை. நீங்கள் பேய் என்று சொல்கிறவர் என் அண்ணன். பெயர் இன்னாசி. ஏ பிளாக்கில் என் வீட்டில் இருந்தார். நீங்கள் அவரை நடக்க விடவில்லை. அதோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் காரியம் கெட்டது, ஆளாளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள், பாவம் ஆன்ட்டி என்பார்கள், பாவம் நானா? நடக்க விடவில்லை என்பதைக் கத்திச் சொல்ல வேண்டுமா, சாதாரணமாகவா? கத்தினால் பைத்தியம் என்பார்கள். சாதாரணமாகச் சொன்னால் முன்வரிசைக்குக் கேட்காது. ஒருவேளை வலப்பக்கமே திரும்பிவிட்டால்? திரும்பிவிட்டால் புல்வெளியில் போட்டிருக்கிற கடையில் ஒரு பஜ்ஜியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டலாம். நாளை ராத்திரி ரயில். நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். இந்த வருஷம்தான் அவருக்கு முதல் தடவை. போன வருஷம் அவரும் நானும் நின்று அப்பாவுக்கும் மதினிக்கும் கொளுத்தினோம், காற்றில் அணைய அணையக் கையைக் குவித்துக் காவல் இருந்தார். இந்த வருஷம் அவருக்கு நான் போய்க் கொளுத்த வேண்டும். அதைப் பற்றி நினைக்காதே. வலப்பக்கம் திரும்பட்டும், மாதாவே, வலப்பக்கம் திரும்பட்டும், எனக்குச் சண்டை வேண்டாம். சண்டை வேண்டும். இல்லை, வேண்டாம். வேண்டும்.

இடப்பக்கம் திரும்பிவிட்டார்கள். முன்னால் போகிற வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக கிளப் ஹவுஸ் சுவர் மூலையில் இடப்பக்கம் போய் மறைகின்றன. டன் ஆன்ட்டி. பாவி மகளே. முன்னால் போய்விட வேண்டும், வசுதா வாயைத் திறப்பதற்குள் முன்னால் போய் நின்றுவிட வேண்டும். போக முடியவில்லை. பம்ப் ஹவுஸுக்குப் போகிற சந்தில் ஒரு பக்கம் குரோட்டன்ஸ், ஒரு பக்கம் சுவர், நடுவில் சங்கவி பிள்ளையோடு, அவளுக்கு முன்னால் தள்ளுவண்டியில் இரண்டு குழந்தைகள். "கொஞ்சம் வழி விடும்மா" என்கிறேன். "ஆன்ட்டி, நீங்க லாஸ்ட்தானே வரணும்?" என்று மிருதுளா எனக்கே விதி சொல்கிறாள். வாளித் தண்ணீர் என் புடவையில் தளும்புகிறது. அதைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தோளால் இடித்துக்கொண்டு போகிறேன். முறைக்கட்டும், திட்டட்டும். அதற்குள் ஸ்பீக்கரில் வசுதா குரல் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, மூச்சு விட்டு விட்டு, சினிமாவில் வருகிற மாதிரி. "இந்த இடத்தில்தான் அவர் கடைசியா நடந்தார். அவர் யாருன்னு யாருக்குமே தெரியாது. அவருக்குப் பேர் கிடையாது." பேர் கிடையாதா? பேர் கிடையாதா! ஞானஸ்நானப் பேர், வீட்டுப் பேர், துறைமுகத்தில் வைத்த பட்டப் பேர் என்று மூன்று பேர் அவருக்கு. இரண்டு பேரைத் தாண்டினால் போதும், இன்னும் இரண்டே பேர். "இன்னைக்கும் இருட்டினதும் அவர் வருவார். மரண வேளை, மரண வேளைன்னு சொல்லிக்கிட்டே." எல்லோரும் ஊதிவிட்டார்கள். இருட்டு. நில்லுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அப்போது பம்ப் ஹவுஸ் மறைவிலிருந்து, தூரத்து விளக்கின் மங்கலில், அவர் வந்தார்.

வெள்ளைச் சட்டை. முழங்கை வரைக்கும் மடித்துவிட்ட கை. வலது கையை இடுப்புக்குப் பக்கத்தில் மடக்கி, விரல்களுக்கு நடுவில் மணியை உருட்டுகிற மாதிரி. இரண்டு எட்டு வேகமாக, ஒரு எட்டு மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு, யாரையும் இடித்துவிடக் கூடாது என்று ஓரமாக. சுவர் பக்கம் வந்ததும் ஒரு நிமிஷம் நின்று, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடியும். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நான் என்ன நினைத்தேன்? ஒன்றும் நினைக்கவில்லை. சந்தோஷம் வந்தது, அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி சந்தோஷம். சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கிறதே, இந்த ஆளை இன்னும் காணோமே என்று பால்கனியில் நின்று எட்டிப் பார்க்கும்போது மூலையில் வெள்ளையாகத் தெரியுமே, அப்போது வருமே, அந்தச் சந்தோஷம். "அண்ணே!" என்று கத்திவிட்டேன். "அண்ணே, இவ்வளவு நேரம் எங்கன போயிருந்திய?"

பிள்ளைகள் வீறிட்டார்கள். பெரியவர்களும் வீறிட்டார்கள். யாரோ என் கையை இறுகப் பிடித்தார்கள். அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார், முகத்தில் பவுடர், கண்ணைச் சுற்றிக் கரி, பி பிளாக் தினகர். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டினார்கள்! விசில்கூட அடித்தார்கள். லைட்டர் எரிந்தது, திரிகள் ஏறின, சிரித்த முகங்களெல்லாம் என் பக்கம் திரும்பின. "கடைசில நிக்க வச்சதே இதுக்குத்தானா? செம பிளானிங்" என்று ஒருவர் வசுதாவைப் பாராட்டினார். வசுதா ஓடிவந்து கையை நீட்டிக் காட்டினாள், "பாருங்க ஆன்ட்டி, கூஸ்பம்ப்ஸ்! அந்த ஊர்ப் பேச்சு வேற! சொல்லவே இல்லையே, நீங்க ஆக்ட் பண்ணுவீங்கன்னு." இப்போது சொல்ல வேண்டும். ஒத்திகை பார்த்த நாலு வாக்கியமும் நாக்கில் இருக்கிறது, எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், இப்படி ஒரு அமைதி இனிமேல் கிடைக்காது. நீங்கள் பேய் என்று சொல்கிறவர் என் அண்ணன். சொல்லு. சொல்லுடி. "ப்ளீஸ் ஆன்ட்டி, செகண்ட் பேட்ச்சுக்கும் இதே மாதிரி கூப்பிடுங்க, இங்கயே நில்லுங்க, வால் வேலைய மிருதுளா பாத்துப்பா" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறாள். நான் சொல்லவில்லை. அவள் கையை உதறவும் இல்லை. சொல்லிவிட்டால் இவர் அந்தச் சட்டையைக் கழற்றிவிடுவார், மன்னிப்புக் கேட்பார், இரண்டாவது பேட்ச்சுக்கு யாரும் வரமாட்டார்கள். அண்ணன் வரமாட்டார். அது மட்டும்தான் தலைக்குள் ஓடுகிறது. நாசமாய்ப் போகிற புத்தி. "சரி" என்றேன்.

முதல் பேட்ச் பேசிக்கொண்டே புல்வெளிப் பக்கம் போய்விட்டது. சந்தில் நானும் தினகரும்தான். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "கரெக்டா நடந்தேனா ஆன்ட்டி? எங்க பால்கனி நேரா இந்தப் பாதைதான். தினம் சிகரெட் பிடிக்க வந்து நிப்பேன், அவர் வர்றதப் பாத்துட்டே இருப்பேன். அவர் வர்றது நின்னதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு." இவரும் கட்டைவிரல் போட்டவராகத்தான் இருப்பார். போட்டிருப்பார், போடாமல் இருந்திருக்கமாட்டார், அத்தனை பேரும் போட்டார்கள். கன்னத்தில் ஒன்று வைத்தால் பவுடர் பறக்கும். என்னைத் தவிர இந்த ஊரில் அவர் நடையைத் தெரிந்த ஒரே ஆள் இவர். தூரத்தில் இரண்டாவது பேட்ச்சின் சத்தம் கேட்கிறது, நீச்சல்குளத்தில் மீசைக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இவர்கள் மேல் இத்தனை நாள் வந்த கோபமெல்லாம் இப்போது என் மேல் எனக்கு வருகிற கோபத்துக்குப் பக்கத்தில் நிற்காது. "ஆன்ட்டி?" என்கிறார் தினகர். "ஏதாவது மாத்தணுமா?"

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன். கனைத்துக்கொண்டேன். "எடது தோள் இன்னும் கொஞ்சம் எறங்கி இருக்கும். மூட்ட சுமந்த தோள்."

அவர் தோளை இறக்கிக் காட்டினார். இன்னும் கொஞ்சம் என்றேன். இறக்கினார். "போதும், அப்படியே வாங்க" என்று சொல்லி அவரை இருட்டுக்குள் அனுப்பினேன்.